படித்ததில் பிடித்தது போதும், அண்ணே

வாசகர் கேள்வி

"தங்கச்சி, போன மாதம் நம் தாமான் (குடியிருப்பு) மடலில் 'வேறு இடத்தில் வந்த செய்தியை அப்படியே அனுப்ப வேண்டாம், சொந்தமாக எழுதுங்கள்' என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். எல்லாருக்கும் எழுத வருமா? நல்ல செய்தியைத் தேடிப் பிடித்து நாலு பேருக்குக் கொடுப்பதும் சேவைதானே? தினமும் காலையில் ஒரு மணி நேரம் இதற்காக உட்காருகிறேன். அதற்கு மதிப்பே கிடையாதா?" – பினாங்கு, செபராங் ஜெயாவிலிருந்து ஒரு வாசகர்.

அக்டோபர் 6

மதிப்பு கிடையாது என்று எங்கே சொன்னேன்? மடலில் இடம் கிடையாது என்றேன். ஒரு தாளை மடித்தால் நான்கு பக்கம். முதல் பக்கத்தில் கோயில் அறிவிப்பு, கடைசிப் பக்கத்தில் மரண அறிவிப்பும் டியூஷன் விளம்பரமும். நடுவில் இருக்கும் இரண்டு பக்கம்தான் நம் தாமானுக்கு என்று மிச்சம். அதில் போடச் சொல்லி வருவது பெரும்பாலும் எல்லாரும் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) முந்தின வாரமே பார்த்துவிட்ட சமாச்சாரம். ஒரே செய்தியை மூன்று பேர் மூன்று நாளில் அனுப்புகிறார்கள். மூன்றாமவர் மட்டும் "அவசரம்" என்று சேர்த்திருப்பார்.

அக்டோபர் 6, இரவு

வேலை முடிந்து வந்து உங்கள் கேள்வியை மறுபடி படித்தேன். அந்த ஒரு மணி நேரம்தான் உறுத்துகிறது. ஒரு மணி நேரத்தில் அரைப் பக்கம் எழுதிவிடலாம் அண்ணே. எழுத வராது என்பவர்களுக்குப் பேச வரும் இல்லையா? கடையில் உட்கார்ந்து தே தாரேக் தேநீர் ஆறிப்போகிற வரைக்கும் பேசுகிறவர்கள்தான் நாம். அதையே எழுத்தில் இறக்கினால் போதும். திருத்துவது என் வேலை.

அக்டோபர் 9

உங்களையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.

2020 டிசம்பர் கடைசியில் நீங்கள் புலனத்தில் போட்டது என் திறன்பேசியில் இன்னும் இருக்கிறது. பட்டர்வொர்த்துக்கும் பினாங்குத் தீவுக்கும் இடையே ஓடிய பழைய கார் ஃெபர்ரிகளின் கடைசி நாள் டிசம்பர் 31, புத்தாண்டிலிருந்து ஆட்களுக்கு விரைவுப் படகு, கார்கள் இனி பாலத்தில்தான் போக வேண்டும் என்ற செய்தி. மேலே "படித்ததில் பிடித்தது". கீழே கைகூப்பும் பொம்மை. அன்றைக்கு அதே செய்தி தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் போட்டி போட்டுக்கொண்டு வந்தது. நான் திறந்துகூடப் பார்க்கவில்லை.

நீங்கள் அந்த ஃபெர்ரியிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். அதுவும் கோயில் அன்னதான வரிசையில் அண்ணி பேச்சுவாக்கில் சொன்னதால். கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு வருஷம் அதன் தளத்தில் நின்றவர், அது நின்றுபோகிற அன்று யாரோ ஒரு நிருபர் எழுதியதை எடுத்து அனுப்பிவிட்டு, தன் பங்குக்கு ஒரு வரிகூடச் சேர்க்கவில்லையே!

அந்தச் செய்தியில் இருந்ததெல்லாம் யாருக்கும் கிடைக்கக்கூடியது. 1894-இல் தொடங்கிய சேவை, 1985-இல் பினாங்குப் பாலம் வந்தது, இத்தியாதி. எனக்கு வேண்டியது வேறு. பாலம் திறந்த வாரம் ஃபெர்ரியில் கூட்டம் உடனே குறைந்ததா, இல்லை மெல்லத்தானா? லோரியையும் காரையும் மோட்டார் சைக்கிளையும் எந்த வரிசையில் ஏற்றுவீர்கள்? மழை நாளில் இரும்புத் தட்டில் வழுக்கி விழாமல் எப்படி நிற்பது? கட்டணம் பட்டர்வொர்த் பக்கத்தில் மட்டும்தான், தீவிலிருந்து திரும்பும்போது காசு கிடையாது. இது தெரியாத வெளியூர்க்காரர்கள் அந்தப் பக்கம் டிக்கெட் கவுன்டரைத் தேடி அலைந்திருப்பார்களே, அவர்களிடம் என்ன சொல்வீர்கள்?

எழுத வருமா என்று கேட்டீர்கள். நான் கேட்டிருக்கும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொன்னாலே ஒரு பக்கம் நிரம்பிவிடும்.

அக்டோபர் 10

"அதெல்லாம் யாருக்கு வேண்டும், தங்கச்சி?" – எனக்கு வேண்டும். என் மகனுக்கு வேண்டும். அவன் ஏறியதெல்லாம் 2023 ஆகஸ்டில் வந்த புது ஃபெர்ரியில்தான். கார் ஏறுகிற ஃபெர்ரி என்றால் நான் கதை விடுகிறேன் என்று நினைக்கிறான்.

அக்டோபர் 13

ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு தம்பி உள்ளே வந்திருக்கிறார். கேள்வி நல்ல கேள்வி: "தமிழ்ப் பத்திரிகைகளே அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்தும் ராய்ட்டர் செய்தி நிறுவனத்திலிருந்தும் வந்ததை எடுத்துத்தானே போட்டன? அவர்கள் செய்தால் இதழியல், நாங்கள் செய்தால் மட்டும் குப்பையா அக்கா?"

தம்பி, தமிழ் நேசன் 1924-இல் தொடங்கியது. சிங்கப்பூரில் தமிழ் முரசு 1935-இல். அந்தக் காலத்துத் தோட்டத்தில் ஒரு தாள் வரும். வாசிக்கத் தெரிந்த ஒருவர் படிக்க, லயத்து (தொழிலாளர் வீட்டு வரிசை) ஆட்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். என் தாத்தா நிபோங் திபால் பக்கம் அப்படிக் கேட்டு வளர்ந்தவர். அவருக்கு உலகச் செய்தி வர வேறு வழியே கிடையாது. ஊரில் என்ன நடக்கிறது என்பதே அந்தத் தாள் வந்தால்தான் தெரியும். அங்கே மறுபதிவுதான் சேவை. அதில் எனக்கு மறுப்பே இல்லை.

ஆனால் அந்தப் பத்திரிகைகள் அதோடு நிற்கவில்லையே. வாசகர் கடிதம் போட்டார்கள். தோட்டத்துச் செய்தி என்று யாரோ எழுதி அனுப்பிய இரண்டு வரியையும் போட்டார்கள். தமிழ் நேசன் சிறுகதைக்குப் பவுன் பரிசு கொடுத்தது. தமிழ் முரசு மாணவர் மணிமன்றம் நடத்தியது. ரப்பர் பால் வெட்டிக்கொண்டும் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டும் இருந்தவர்கள் அந்த ஞாயிறு பக்கங்களில் எழுதித்தான் இங்கே எழுத்தாளர் என்று பெயர் எடுத்தார்கள். வெளியூர்ச் செய்திக்காகத் தாளை வாங்கினார்கள், உள்ளூர் ஆள் எழுதியதைக் கத்தரித்துப் பெட்டிக்குள் வைத்தார்கள். தாத்தாவின் தகரப் பெட்டியில் இருந்தவற்றில் ராய்ட்டர் செய்தி ஒன்றுகூட இல்லை.

நேசன் 2019-இல் நின்றுபோனது. அதற்கு நாமும் காரணம் என்று ஒரு நினைப்பு எனக்கு உண்டு. நிருபர் அலைந்து எழுதியதைப் படம் பிடித்து இலவசமாகப் புலனத்தில் போட்டால் தாளை யார் வாங்குவார்? மக்கள் ஓசையும் மலேசிய நண்பனும் இன்னும் வருகின்றன. வாங்கிப் படியுங்கள், பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பாதீர்கள். தம்பி, இது உங்கள் கேள்விக்கு நேரான பதில் இல்லைதான். எழுத எழுத இங்கே வந்துவிட்டேன்.

அக்டோபர் 15

முன்னே சொன்னதைக் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கிறது. பெட்ரோல் விஷயம் வந்தபோது மறுபதிவு எல்லாம் ஒரே மாதிரி இல்லை என்று தோன்றியது.

2025 செப்டம்பர் 30-இல் புடி95 என்ற அரசாங்கப் பெட்ரோல் உதவித் திட்டம் தொடங்கியது. மைகார்டு, அதாவது அடையாள அட்டை, காட்டினால் அப்போது லிட்டர் 1 ரிங்கிட் 99 சென், மாதத்துக்கு 300 லிட்டர் வரை என்றார்கள். இதை எத்தனை பேர் எத்தனை விதமாக அனுப்பினார்கள்! பிரதமர் படம் போட்டது, படம் போடாதது, அம்புக்குறி போட்டது, குரலோடு வந்தது. எல்லாவற்றிலும் ஒரே நான்கு வரி.

எங்கள் வரிசைக் கடைசி வீட்டு ஆன்ட்டி மட்டும் இப்படிப் போட்டார்: "பெட்ரோல் நிலையத்தில் என் கார்டை இயந்திரம் படிக்கவில்லை. சில்லு தேய்ந்திருக்கிறது என்று கவுன்டர் பையன் சொன்னான். துணியால் துடைத்துப் போட்டதும் வேலை செய்தது. பின்னால் பத்து கார் ஹாரன் அடித்தது. வயசானவர்கள் கூட்டம் இல்லாத நேரம் போங்கள்." பெட்ரோல் விலை பற்றி நான் படித்ததிலேயே உருப்படியானது அதுதான். செய்தி அரசாங்கத்தினுடையது, அனுபவம் அவருடையது. அடுத்த மடலில் அதைப் போடப்போகிறேன். அவர் வேண்டாம் என்று வெட்கப்படுகிறார். "இதெல்லாம் எழுத்தா?" என்கிறார். உங்களுக்குச் சொன்ன பதிலைத்தான் அவருக்கும் சொன்னேன் அண்ணே.

இன்னொன்று. மாநகர் மன்றத்திலிருந்து குப்பை பற்றி மலாயில் ஒரு சுற்றறிக்கை வந்ததே, அதைத் தமிழில் மாற்றி, நம் தாமானுக்கு எந்த நாள் பொருந்தும் என்று ஒருவர் குறித்துக் கொடுத்தார். அதையும் மறுபதிவு என்று தள்ள மனம் வராது. மலாய் படிக்கத் தெரியாத பாட்டிமார் நான்கு பேர் என் வரிசையிலேயே இருக்கிறார்கள். ரத்தம் வேண்டும் என்ற அறிவிப்பு, பள்ளிப் பதிவு, வெள்ள எச்சரிக்கை இவையும் அப்படித்தான். தேதியும் தொலைபேசி எண்ணும் சரியா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். போன வருஷத்து ரத்த தான அறிவிப்பைப் பார்த்து மருத்துவமனை வரை போய்த் திரும்பியவர் ஒருவர் இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. அனுப்பியது நான் இல்லை, ஆனாலும்.

அக்டோபர் 18

தீபாவளி வேலைக்கு நடுவில் ஒரு விஷயம் மட்டும். "நன்றி போட்டால் போதும், சட்டப் பிரச்சினை வராது" என்று ஆயர் ஈத்தாம் தம்பி.

அப்படி முழுசாகச் சொல்ல முடியாது. 1987 பதிப்புரிமைச் சட்டத்தின்படி நடந்த சங்கதி யாருக்கும் சொந்தமில்லை. அதை ஒருவர் எழுதிய எழுத்து அவருக்குச் சொந்தம், அவர் இறந்து 50 ஆண்டு வரைக்கும். நடப்புச் செய்தியைச் சொல்வதற்காக நியாயமான அளவு எடுத்தாளலாம், எங்கிருந்து, யார் எழுதியது என்று சொல்ல வேண்டும். முழுக் கட்டுரையையும் வழித்து எடுத்துப் போட்டுவிட்டு "நன்றி: இணையம்" என்றால் யாருக்கு நன்றி? இணையம் வந்து ஏற்றுக்கொள்ளுமா? "நன்றி: வாட்ஸ்அப்" என்றும் ஒன்று வந்தது. ஔவையிடம் சுட்ட பழமா, சுடாத பழமா என்று கேட்ட முருகனே இப்போது நம் தண்ணீர்மலைக் கோயிலிலிருந்து இறங்கி வந்து நம் புலனத்தைப் பார்த்தால், கேட்க வேண்டிய அவசியமே இருக்காது.

பொய்ச் செய்தி என்றால் அது வேறு கணக்கு. 2018-இல் அதற்கென்றே ஒரு சட்டம் வந்து பிறகு ரத்தானது. ரத்தானதால் கேட்பாரில்லை என்று நினைக்க வேண்டாம். 1998 தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆம் பிரிவு இருக்கிறது. 2025-இல் அதன் அபராத உச்சத்தை 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000-க்கு ஏற்றியிருக்கிறார்கள். அதோடு 2012-இல் சாட்சியச் சட்டத்தில் 114ஏ என்று ஒன்று சேர்த்தார்கள். பதிவில் உங்கள் பெயரோ படமோ உரிமையாளர், நிர்வாகி, ஆசிரியர் என்கிற மாதிரி இருந்தால், வெளியிட்டது நீங்கள்தான் என்றே முதலில் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று காட்டுவது உங்கள் பாடு. மடலில் யார் பெயர் ஆசிரியர் என்று இருக்கிறது? என் பெயர். முறுக்கு சுடப் போகிறேன்.

அக்டோபர் 22

தீபாவளி முடிந்தது. நேற்று அக்டோபர் 21, எதிர்பார்த்த செய்தி தவறாமல் வந்தது: "1816-ஆம் ஆண்டு இதே நாளில் பினாங்கு ஃபிரி ஸ்கூல் தொடங்கப்பட்டது, மலாயாவில் தமிழ்க்கல்வி பிறந்தது, தமிழனாக இருந்தால் பகிரவும்." பாதிரியார் ஹட்சிங்ஸ் தொடங்கிய பள்ளி, அதில் ஒரு தமிழ் வகுப்பு. உண்மைதான். 2016-இல் 200 ஆண்டு கொண்டாடினோம்.

பகிர்ந்தவர்களில் ஒருவர் படித்தது தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில். தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றார்கள், ஆட்கள் தாமானுக்கு வந்தார்கள், பள்ளியில் பிள்ளைகள் குறைந்து குறைந்து கடைசியில் வேறு இடத்துக்கு மாற்றினார்கள். பெயர்ப்பலகையைக் கழற்றிய நாளில் அவரும் அங்கே இருந்தவர். அதைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. 1816 பற்றி எழுத ஆட்கள் இருக்கிறார்கள். அந்தப் பள்ளி பற்றி எழுத அவரை விட்டால், அவரோடு படித்த சிலர். அவர்களும் 1816 செய்தியைத்தான் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள்.

கேட்டேன். "எழுதி என்னம்மா ஆகப்போகுது" என்றார். என்னிடம் பதில் இல்லை. அந்தப் பெயர்ப்பலகை இப்போது எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டு வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 26

எழுதுங்கள் எழுதுங்கள் என்று சொன்னதன் பலன் வரத் தொடங்கிவிட்டது. இப்போது வேறு தலைவலி.

தீபாவளி விருந்து பற்றிச் சொந்த எழுத்து ஒன்று வந்தது. "மாண்புமிகு அவர்கள் தலைமையில், டத்தோ அவர்கள் முன்னிலையில், குடியிருப்பாளர்கள் திரளாகக் கலந்துகொண்டு சிறப்பித்தனர். தலைவர் தமதுரையில் ஒற்றுமையே பலம் என்றார். வருகையாளர்களுக்குப் பொன்னாடை போர்த்தப்பட்டது. நிகழ்ச்சி இனிதே நிறைவுற்றது." நானும் அதே விருந்தில்தான் இருந்தேன். மைக் வேலை செய்யவில்லை, தலைவர் என்ன பேசினார் என்று முன்வரிசைக்கே கேட்கவில்லை. ஆட்டுக்கறி தீர்ந்துபோய் சமையல்காரர் கருவாட்டுக் குழம்பு வைத்துச் சமாளித்தார். அந்தக் குழம்பைத்தான் இரண்டு நாளாக எல்லாரும் பேசுகிறார்கள். கட்டுரையில் குழம்பு இல்லை.

யாரிடமிருந்தும் எடுக்கவில்லை, அவரே உட்கார்ந்து எழுதியதுதான். ஆனாலும் எந்த ஊர், எந்த வருஷம் என்று மாற்றிப் போட்டாலும் பொருந்தும். அப்படிப் பார்த்தால் ஆன்ட்டியின் பெட்ரோல் குறிப்பில் பாதிக்கு மேல் அரசாங்கச் செய்தி, ஆனால் அதில் ஆன்ட்டி இருக்கிறார். ஆக, "சொந்தமாக எழுதுங்கள்" என்று கட்டம் கட்டியதே போதாது போலிருக்கிறது. அடுத்த முறை என்ன போடுவது? "நீங்கள் பார்த்தது ஒன்றாவது இருக்கட்டும்" என்று போடலாமா என்று யோசிக்கிறேன். கொஞ்சம் நீளம்.

தைப்பூசக் கட்டுரைகளிலும் இதே கதைதான். வெள்ளி ரதம், 2017-இல் வந்த தங்க ரதம், லட்சக்கணக்கான பக்தர்கள், உடைந்த தேங்காய். தேங்காயைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று பினாங்கு பயனீட்டாளர் சங்கம் கேட்டுக்கொள்வது உட்பட எல்லாம் எல்லாப் பத்திரிகையிலும் உண்டு. தண்ணீர்ப் பந்தலில் நின்ற இடைநிலைப்பள்ளிப் பிள்ளை ஒருத்தி எழுதியது வேறு மாதிரி: ரதம் வருவதற்கு முன் தெரு முழுக்கத் தேங்காய்த் தண்ணீர், செருப்புக்குள் ஓட்டுச் சில்லு புகுந்துவிட்டது, மண்வாரி இயந்திரம் வந்து அள்ளுகிற சத்தத்தில் உறுமி மேளம் கேட்கவில்லை. அவள் அதில் பக்தி என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. அவள் அம்மாவுக்கு அது குறை. எனக்கு இல்லை.

அக்டோபர் 27

குழம்பு பற்றி நான் எழுதியதை யாரோ சமையல்காரரிடம் காட்டிவிட்டார்கள். கோபமில்லையாம். கருவாடு அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்தது என்பதையும் போடச் சொல்கிறார்.

நவம்பர் 4

2017-இல் இதே நாளில் தொடங்கி மறுநாள் வரை பெய்த மழையில் பினாங்கே மூழ்கியது. ஏழு பேர் இறந்தார்கள். நள்ளிரவுக்கு மேல் முதலமைச்சர் இராணுவத்தின் உதவியைக் கேட்டார். அந்த இரவை இங்கே யாரும் மறக்கவில்லை. ஆனால் அதன் படங்கள் ஒவ்வொரு மழைக்கும் "இன்று, இப்போது" என்று கிளம்பி வருகின்றன. போன வாரத் தூறலுக்கும் வந்தன. எதிர்வீட்டு அம்மா இரவு பதினோரு மணிக்கு எல்லார் கதவையும் தட்டிக் காரை மேட்டுக்கு ஏற்றச் சொன்னார். ஏற்றிவிட்டுப் பார்த்தால் தெருவில் ஒரு குட்டைகூட இல்லை. அந்தப் படத்தில் இருந்த கடைக்குப் புதுப் பெயர்ப்பலகை வைத்தே நாளாகிறது.

2017-இலிருந்தே செபனார்னியா என்ற அரசாங்கத் தளம் இருக்கிறது, சந்தேகமானதை அங்கே தேடிப் பார்க்கலாம். நம் தெருவில் தண்ணீர் நிற்கிறதா என்பதற்கு அதுகூட வேண்டாம், ஜன்னலைத் திறந்தால் போதும். திறந்து பார்த்து, "இரவு 10:40, எங்கள் வாசலில் தண்ணீர் இல்லை, பெரிய கால்வாய் பாதிக்குக் கீழே" என்று ஒருவர் எழுதியிருந்தால் அத்தனை காரும் நகர்ந்திருக்காது. இனி மழை நாளில் படம் போடுபவர் நேரமும் தெருவும் எழுத வேண்டும் என்று புலனத்தில் சொல்லியிருக்கிறேன். பார்ப்போம்.

நவம்பர் 6

ஃபெர்ரி அண்ணன் அனுப்பிவிட்டார்! தட்டச்சு இல்லை, பள்ளிக்கூட நோட்டில் பேனாவால் எழுதியது. அதிகம் இல்லை, ஒரு பக்கத்துக்குக் கொஞ்சம் குறைவு.

முதல் பத்தி நான் பயந்தபடியே: "வாகனங்கள் சீராக ஏற்றப்பட்டு, பயணிகள் பாதுகாப்பாகச் சென்றடைந்தனர்." அடித்துவிடப் போகிறேன் அண்ணே, முன்கூட்டியே சொல்லிவிட்டேன். இரண்டாவது பத்தியில்தான் நீங்கள் வருகிறீர்கள். முழுக்கர்ப்பிணி மனைவியோடு கடைசி ஃபெர்ரிக்கு வந்து சேர்ந்தவரின் காரை, இறங்கும்போது முதலில் வெளியேறுகிற இடத்தில் நிறுத்த வைத்து, வரிசையில் இருந்தவர்களிடம் திட்டு வாங்கினீர்களே, அது. பையன் பிறந்ததும் அவர் லட்டுப் பெட்டியோடு உங்களைத் தேடி வந்ததும் நன்றாக இருக்கிறது. அதில் ஒரு சொல்லையும் தொட மாட்டேன்.

1988 ஜூலை 31 பற்றி நான் கேட்டதற்கு, "அதை எழுத மாட்டேன்" என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறீர்கள். பட்டர்வொர்த் ஃபெர்ரித் துறை இடிந்து 32 பேர் இறந்த நாள். சரி அண்ணே. கேட்க மாட்டேன். அந்த அடிக்கோட்டோடு அப்படியே அச்சிடலாமா, அல்லது வரியையே எடுத்துவிடவா? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இன்னும் மூன்று சந்தேகம். லட்டு கொண்டுவந்தவர் பெயரை எடுத்துவிடுகிறேன், அவர் சம்மதம் நமக்கு இல்லை. "அந்தக் காலத்தில்" என்று தொடங்கியிருக்கிறீர்கள், எந்த வருஷம் என்று தோராயமாகவாவது வேண்டும். மேல்தட்டுக்குக் கார் ஏற்றுவதை அரை வரியில் தாண்டிவிட்டீர்கள், எனக்கு அதுதான் முக்கியம், இன்னும் நாலு வரி கொடுங்கள். மடலுக்குக் கடைசி நாள் 20. நோட்டைப் படம் பிடித்து அனுப்ப வேண்டாம், பாதி எழுத்து தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானே வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன், அண்ணியிடம் சொல்லிவையுங்கள்.